வேறு வாய்க்கு எடுத்த அளவு

பேங்க் அத்தை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போன வார்த்தை, ஒரு வாரமாகியும் அந்த வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. "அம்மா மூடிக்கலாம், பொண்ணு மூடக்கூடாதா? இது என்ன நியாயமோ, எனக்குப் புரியல." அவ்வளவுதான் சொன்னாள். சொன்னவள் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பாள். கேட்டவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

கேட்டவள் கண்ணாடிக்காரம்மா. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்று பிரேமை மாட்டி, காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்து, மூக்கில் நேராக உட்காருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஊரில் பாதிப் பேருடைய மூக்கு அவளுக்கு அத்துப்படி.

அவளுக்கும் அவள் மகளுக்கும் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரே மாதிரி இடைவெளி. நாணயத்தின் ஓரத்தைச் செருகினால் நிற்கும். கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் செல்லமாக அவளுக்கு 'ஜன்னல்' என்று பெயர் வைத்தார். மகளுக்குப் பல் முளைத்ததும் அது பெரிய ஜன்னல், சின்ன ஜன்னல் என்று இரண்டாகப் பிரிந்தது. மனிதருக்கு அதில் ஒரே பெருமை.

பெரிய ஜன்னலுக்கு அந்தப் பெயர் ஒருநாளும் பிடித்ததில்லை. சிரிப்பு வந்தால் அவள் கை தானாக வாய்க்குப் போய்விடும். சின்ன ஜன்னலோ நேர் எதிர். அந்த இடைவெளியில் நாக்கை வைத்து அவள் அடிக்கும் விசில் தெருமுனை வரை கேட்கும். நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். கழுத்தில் பிளாஸ்டிக் விசில் ஒன்று தொங்கும். அதை ஊதி யாரும் பார்த்ததில்லை. குளத்து மோட்டாரைப் பழுதுபார்க்க வந்த பையன் இவள் விசிலைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தான். திரும்பிய கழுத்து இன்னும் நேராகவில்லை. இந்த வீட்டில் அவனுக்கு வைத்த பெயர் மோட்டார். கல்யாணமும் பேசியாகிவிட்டது. மோட்டாரைப் பெற்றவள்தான் பேங்க் அத்தை.

நாலைந்து மாதத்துக்கு முன்னால் கண்ணாடிக்காரம்மா யாரையும் கேட்காமல் பல் டாக்டரிடம் போனாள். கம்பி கட்டாமல், கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உறையை மாட்டியே இடைவெளியை மூடலாம் என்றார்கள். ஒரு ஜோடி உறையைக் கொஞ்ச நாள் போட்டால் பல் ஒரு இம்மி நகரும். பிறகு அடுத்த ஜோடி. சாப்பிடும்போது கழற்றி, பல் தேய்த்து, மறுபடி மாட்ட வேண்டும். இந்த வயதில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று வீட்டுக்காரர் சிரித்தார். "நான் பார்ப்பேன். கடை முழுக்கக் கண்ணாடிதானே இருக்கு," என்றாள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. பேங்க் அத்தை இதைப் பார்த்தாள். பார்த்ததும், நல்ல யோசனையாக இருக்கிறதே, பொண்ணுக்கும் போட்டுவிடலாமே, கல்யாணப் போட்டோவில் பளிச்சென்று இருக்குமே என்றாள். மகள் முடியாது என்று கத்தினாள். மகள் கத்தியது போதாதென்று அம்மாவும் எழுந்து நின்று, என் பொண்ணு பல்லில் ஒரு விரல் பட்டாலும் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று பிரகடனம் செய்தாள். அதற்குப் பதிலாகத்தான் அந்த நியாயக் கேள்வி வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறேன், நல்ல பதிலாகச் சொல்லுங்கள் என்று கெடு வேறு.

இன்று வெள்ளிக்கிழமை.

* * *

காலையில் எழுந்ததும் கண்ணாடிக்காரம்மாவுக்கு ஒரு சந்தோஷ வேலை பாக்கியிருந்தது. நேற்று கடை முடிந்து வரும் வழியில் கிளினிக்கில் அடுத்த பொட்டலத்தை வாங்கி வந்திருந்தாள். இன்று புது உறை மாட்டும் நாள்.

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவள், தன் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். மேல் உறையை எடுத்துக் கழுவினாள். முன்பல்லில் வைத்து அழுத்தினாள். உட்காரவில்லை.

புது உறை முதலில் இறுக்கமாகத்தான் இருக்கும். அதற்கென்றே கொடுத்த ரப்பர் துண்டைக் கடித்தாள். உறை ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் எழும்பியது. கடைவாய்ப் பக்கம் ஒரு பல் எங்கே போவது என்று தெரியாமல் முட்டிக்கொண்டு நின்றது. அவளுடைய கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிப் பல வருடமாகிறது. அந்த உறையிலோ அந்தப் பல்லுக்கும் இடம் இருந்தது.

கண்ணாடிக்காரம்மாவின் கை நின்றது. பிரேம் முகத்தில் உட்காராவிட்டால் அவள் முகத்தைக் குறை சொல்ல மாட்டாள். இது வேறு முகத்துக்கு எடுத்த அளவு என்று அடுத்த பிரேமை எடுப்பாள். அதே எண்ணம்தான் இப்போதும் வந்தது. இது என் வாய் இல்லை.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். அதில் பெயர் இல்லை, போன் நம்பர் மட்டும்தான், அது சரியாக இருந்தது. வீட்டுக்காரர் நம்பர். கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று அந்த வீட்டில் எதற்கும் அந்த ஒரு நம்பரைத்தான் கொடுப்பார்கள். அதற்குக் கீழே, எத்தனையாவது உறை என்கிற இடத்தில், ஏழு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று என்று இருந்தது.

பழைய உறையையே மாட்டிக்கொண்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பினாள். மகள் குளத்துக்கும், வீட்டுக்காரர் வேலைக்கும் முன்பே போயாகிவிட்டது.

கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருந்த பெண் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"ஸாரி ஆன்ட்டி. இது உங்களோடது இல்ல, உங்க பொண்ணோடது. ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் இல்லையா, மாத்திக் கொடுத்துட்டேன்."

கண்ணாடிக்காரம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். என் பொண்ணுக்கா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. இவளிடம் கேட்டால், பெற்ற பொண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் என்று தானே ஊருக்குத் தம்பட்டம் அடித்த மாதிரி ஆகும்.

அந்தப் பெண் தானாகவே அடுக்கிக்கொண்டு போனாள். அங்கிள்தான் கூட்டிக்கொண்டு வந்தாராம். பல் சுத்தம் செய்ய வந்தவர்கள் அப்படியே அளவும் கொடுத்தார்களாம். வந்துவிட்டது என்று அங்கிள் போனுக்கு மெசேஜ் போயிருக்கிறதாம். சொல்லிக்கொண்டே ஏழு என்று எழுதிய சரியான பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். மகளுடைய பொட்டலத்தைத் திரும்ப வாங்கக் கையையும் நீட்டினாள்.

"இது என்கிட்டயே இருக்கட்டும்மா. நான் கொண்டுபோய்க் குடுத்துக்கிறேன். நீ ஒண்ணு பண்ணு. என் பேருக்கு நேரா இருக்கிற அந்த நம்பர அடிச்சிடு. என் நம்பர எழுதிக்கோ."

"பொண்ணுக்கு, ஆன்ட்டி?"

"அவ நம்பர அவளே வந்து தருவா. தர்றதா இருந்தா."

வெளியே வந்து விறுவிறுவென்று நடந்தாள். கோபத்திலா வேறெதிலா என்று அவளுக்கே தெரியவில்லை. கோபம் என்று வைத்துக்கொண்டாள். அதுதான் வசதியாக இருந்தது.

* * *

வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் எதை மிதித்தாலும் வண்டியை நிறுத்துவது அவர் கையில், அதாவது காலில். அந்தப் பழக்கம் வீட்டுக்கு வந்த பிறகும் போகாது. யார் எந்தப் பேச்சை எடுத்தாலும் அவருடைய வலது கால் தரையை ஒரு அழுத்து அழுத்தும்.

சிக்னலுக்குப் பக்கத்தில் அந்தக் காரைப் பிடித்துவிட்டாள். ரிட்டயரான நர்ஸ் ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தார். பின்கதவைத் திறந்து கண்ணாடிக்காரம்மா ஏறி உட்கார்ந்தாள். அந்தப் பொட்டலத்தை முன்சீட்டுகளுக்கு நடுவே நீட்டினாள்.

வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

"நேரா பார்த்து ஓட்டுங்கம்மா," என்று நர்ஸிடம் சொன்னார், நர்ஸ் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் மெள்ள மெள்ள வந்தது. கட்டாயப்படுத்தவே இல்லையாம். சும்மா அளவு எடுத்து வைப்போம், போடுவதும் போடாததும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் மகளிடம் சொன்னாராம். அவளும் மோட்டாரும் நல்ல ஜோடியாம். ஒரு பல் இடுக்குக்காக அது உடைந்தால் காலத்துக்கும் அவர் மனசு ஆறாதாம். அம்மாவும் பொண்ணும் போட்டி போட்டுக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால், வீட்டில் யாராவது ஒரு ஆள் பிரேக் போட வேண்டாமா என்று கேட்டார்.

"பக்கத்து சீட்ல உக்காந்து பிரேக் போட அது உங்க ஸ்கூல் கார் இல்லைங்க. அவ வாய்."

"சார், லெப்டா, ரைட்டா?" என்றார் நர்ஸ்.

இவர் லெப்ட் என்றார், அவள் ரைட் என்றாள். நர்ஸ் இரண்டு பேரையும் விட்டுவிட்டு நேராகப் போனார்.

அடுத்த திருப்பமும் தாண்டியது. பிறகு வீட்டுக்காரர் தணிந்த குரலில் சொன்னதுதான் கண்ணாடிக்காரம்மாவைப் போட்டுத் தாக்கியது.

"நான் இழுத்துட்டுப் போகலம்மா. கேட்டேன், உடனே சரின்னுட்டா. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கப்பான்னு."

அவள் பின்சீட்டில் சாய்ந்துகொண்டாள். வழிநெடுக நாக்கின் நுனியில் அடுக்கி வைத்திருந்த வசவு அத்தனையும் வீணாய்ப் போனது. யாரைத் திட்டுவது? சம்பந்தியிடம் மறைத்திருந்தால் புரியும். அப்பாவிடம் மறைத்திருந்தால்கூடப் புரியும். எவளுக்காக இத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றாளோ, அவள் இவளிடம் மறைத்திருக்கிறாள்.

"இங்கயே நிறுத்துங்கம்மா," என்றாள் நர்ஸிடம்.

நர்ஸ் வண்டியை ஓரமாக, கோட்டுக்குள், இடித்துக்கொள்ளாமல் அழகாக நிறுத்தினார். பாராட்டத்தான் அங்கே யாருக்கும் மனசு இல்லை.

* * *

நீச்சல் குளத்தில் குளோரின் வாசனை மூக்கைத் துளைத்தது. சின்னப் பிள்ளைகள் ரப்பர் பலகையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தார்கள். கரையில் மகள், ஈரம் சொட்டும் டிராக் பேண்ட், தலையில் தொப்பி. அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அம்மா கையில் இருந்ததைப் பார்த்ததும் வாடியது.

இன்னொரு பயிற்சியாளரிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, உடை மாற்றும் அறைக்கு அம்மாவை அழைத்துப் போனாள். அங்கே சுவர் முழுக்க ஒரு நீளக் கண்ணாடி.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

மகள் தொப்பியைக் கழற்றிப் பிழிந்தாள். பிழிய அதில் தண்ணீரே இல்லை.

"எப்படிச் சொல்றது? 'என் பொண்ணு பல்லுல ஒரு விரல் பட்டாலும்'னு நீ அத்தைகிட்ட முழங்கிட்ட. அதுக்கப்புறம் எனக்கு ஆசையே வந்தாலும் நான் வாயத் தொறக்க முடியுமா? அன்னிக்கு நான் முடியாதுன்னு கத்தினது நிஜம்தான். ராத்திரி படுத்தா பயமா இருந்துச்சு. அவன் ஒரு வார்த்தை பேசல. இதுக்காகவே எல்லாம் போயிடுமோன்னு இருந்துச்சு. அப்பா கேட்டார். சரின்னேன்."

"பயந்துட்டு சரின்னியா, ஆசைப்பட்டு சரின்னியா?"

"தெரியலம்மா. கம்ப்யூட்டர்ல காட்டினாங்க, மூடினா எப்படி இருக்கும்னு. நல்லாத்தான் இருந்தேன்." மகள் தொப்பியையே பார்த்தாள். உடனே நிமிர்ந்துவிட்டாள். "ஆனா ஒண்ணு கேக்கறேன். உனக்குப் பிடிக்கல, நீ மூடிக்கிற. என்னோடத மட்டும் நம்ம வீட்டுக் கொடி மாதிரி நான் ஏத்தி வெச்சிருக்கணுமா? அத்தை மூடுங்கறாங்க. நீ மூடாதேங்கற. என்னை யாரும்மா கேட்டீங்க?"

கண்ணாடிக்காரம்மா நீளக் கண்ணாடியில் இருவரையும் பார்த்தாள். தன் கை வாயை மூடிக்கொண்டிருந்தது. சிரிக்கக்கூட இல்லை, ஆனாலும் போய்விட்டது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. பேங்க் அத்தைக்கும் தனக்கும் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசமே இல்லையே என்று நினைத்தபோது அவளுக்கு யார் மேலோ வந்த கோபம் தன் மேலேயே திரும்பியது.

பொட்டலத்தை மகள் கையில் வைத்தாள்.

"தப்புதான். நான் உன்னைக் கேக்கவே இல்ல. இப்ப கேக்கறேன். அவங்களையும் விடு, என்னையும் விடு. உனக்கு வேணுமா?"

மகள் பொட்டலத்தைப் பிரித்தாள். குழாயில் உறையைக் கழுவினாள். கண்ணாடிக்கு முன்னால் போய் மாட்டினாள். காலையில் அம்மா வாயில் அத்தனை முரண்டு பிடித்தது, இவள் வாயில் ஒரே அழுத்தில் டக்கென்று உட்கார்ந்தது. மகள் பல்லைக் காட்டிப் பார்த்தாள், இப்படித் திரும்பி, அப்படித் திரும்பி. அம்மா எதையும் சொல்லாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வெளியே கரையில் கூச்சல் கேட்டது. இரண்டு பிள்ளைகள், யார் முதலில் என்று, ஈரத் தரையில் ஆழமான பக்கம் பார்த்து ஓட்டம் பிடித்திருந்தார்கள். மகள் வாசலுக்குப் பாய்ந்தாள். நாக்கை மடித்து வழக்கம்போல் விசில் அடித்தாள்.

காற்றுதான் வந்தது. கொஞ்சம் எச்சிலும்.

மறுபடி ஊதினாள். மறுபடி காற்று. பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். கழுத்தில் விசில் தொங்குவது அவளுக்கு நினைவுக்கே வரவில்லை, பழகியிருந்தால்தானே வரும். வாய்க்குள் விரலை விட்டு உறையைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு அடித்தாள்.

குளமே நின்றது. ஓடியவர்களில் ஒருத்தி ஒற்றைக் காலைத் தூக்கியபடி அப்படியே சிலையானாள். தண்ணீருக்குள் இருந்தவர்கள் உதைப்பதை விட்டார்கள். கண்ணாடிக்காரம்மாகூடத் தன்னையறியாமல் விறைப்பாக நின்றாள்.

"நடந்து போங்க," என்றாள் மகள். போனார்கள்.

உள்ளங்கையில் கிடந்த உறையை அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வாய் நிறைய, ஜன்னல் தெரிய.

"கம்ப்யூட்டர் எல்லாத்தையும் காட்டிச்சு. இத மட்டும் காட்டல."

நான் அன்றைக்கே சொன்னேன் பார் என்று அம்மாவுக்குத் தொண்டை வரை வந்தது. அதை அப்படியே விழுங்கினாள். வாழ்க்கையில் அவள் விழுங்கியவற்றில் அதுதான் பெரிய கவளம்.

"சாயங்காலம் அத்தைகிட்ட நானே பேசறேன்," என்றாள் மகள். "நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"பேச மாட்டேன்."

"அம்மா."

"பேச மாட்டேன்டி. புது உறை போட்டா எனக்குப் பேச்சும் ஒழுங்கா வராது."

* * *

பேங்க் அத்தை சொன்ன நேரத்துக்கு வந்தாள். பேங்கில் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து உட்கார்ந்து, யார் வீட்டுக்குப் போனாலும் எதிரில் இருப்பவர்கள் வரிசையில் நிற்பது போலவே அவளுக்குத் தோன்றும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கில் வழுக்கி இறங்கிய கண்ணாடியை விரலால் மேலே தள்ளினாள். அது மறுபடி இறங்கியது.

வீட்டுக்காரர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மத்தியானமே மகளிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. பெண்டாட்டியிடம் கேட்பதற்குத்தான் இன்னும் நேரம் கூடி வரவில்லை. மகள் வந்து அத்தைக்கு எதிரில் அமர்ந்தாள். மேஜை மேல் அந்தப் பொட்டலத்தை வைத்தாள்.

"இது எனக்கு எடுத்த அளவு அத்தை. நானே போய்க் குடுத்தேன். போட்டும் பார்த்தேன், கச்சிதமா இருக்கு. ஆனா போடப் போறதில்ல."

பேங்க் அத்தை பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்காரம்மாவைப் பார்த்தாள், இது உன் வேலைதானே என்பது போல. கண்ணாடிக்காரம்மா வாயைத் திறக்கவில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. எழுந்து போய், "குடுங்க சம்பந்தி" என்பதைக் கையாலேயே சொல்லி, அத்தையின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக்கொண்டாள். பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்தாள்.

கண்ணாடி இல்லாமல் அத்தைக்கு எதிரில் இருந்த முகம் மங்கலானது. அதனாலோ என்னவோ குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். கல்யாணப் போட்டோ காலத்துக்கும் நிற்கும், நாலு பேர் பார்ப்பார்கள், நான் உன் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்றாள். பல் விஷயத்திலேயே இப்படி என்றால் நாளைக்கு வீட்டுக்கு வந்தபின் எதைத்தான் கேட்பாய் என்றும் கேட்டாள்.

"கேக்க வேண்டியதக் கேப்பேன் அத்தை. நீங்க போன வாரம் ஒண்ணு கேட்டீங்க. அம்மா மூடிக்கலாம், பொண்ணு மூடக்கூடாதா, என்ன நியாயம்னு. யோசிச்சேன். மூடிக்கறது அம்மாவோட ஆசை. இப்படியே இருக்கறது என் ஆசை. ரெண்டும் ஒரே நியாயம்தான். அம்மா வயசுல எனக்கும் ஆசை வந்தா நானும் மூடிப்பேன். அப்ப வேண்டாம்னு நீங்க சொன்னாலும் மூடிப்பேன்."

கண்ணாடிக்காரம்மாவுக்குத் திருகாணியே சரியாகத் தெரியவில்லை. கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. சந்தோஷம் என்றால் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். ஒரு வாரமாக அவளால் கண்டுபிடிக்க முடியாத பதிலை அவள் மகள் கண்டுபிடித்துவிட்டாள். திருகாணியை முறுக்கி, மூக்குப் பட்டையை ஒட்டிப் பிடித்து, கண்ணாடியை அத்தையின் முகத்தில் மாட்டினாள். இம்முறை அது இறங்கவில்லை.

தெளிவாகத் தெரிந்த மருமகளை பேங்க் அத்தை கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பெண் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"சரி. என் பையனே சொல்லட்டும்," என்று போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

மோட்டார் எங்கேயோ வேலையில் இருந்தான். பின்னால் இயந்திரம் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. அம்மா விஷயத்தைச் சொன்னாள். அவள் பக்கத்துக்கு வேண்டிய இடத்தில் கொஞ்சம் அழுத்தியும் சொன்னாள். இரைச்சல் நின்றது. அவன் இயந்திரத்தை நிறுத்தியிருக்க வேண்டும்.

"அவ பக்கத்துல இருக்காளா?"

"இருக்கேன்," என்றாள் மகள். "போட மாட்டேன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ இரும்புச் சாமானைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி," என்றான் மோட்டார். போன் கட்டாகிவிட்டது.

ஒரே ஒரு 'சரி'. அதை வைத்துக்கொண்டு நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பையன் தன் பக்கம்தான் என்று பேங்க் அத்தையின் முகம் சொன்னது. ஆனால் கையில் போனை இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை சம்மதம் சொல்லிவிட்டார் என்று வீட்டுக்காரர் லேசாகச் சிரித்தார். கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. சரி நீ போடாதே என்கிறானா, சரி இதோடு விட்டுவிடலாம் என்கிறானா? கண்ணாடிக்காரம்மா மகள் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை என்று தெரிந்தது.

பேங்க் அத்தை எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டினாள். இன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

* * *

சாப்பாட்டுக்குத் தட்டு வைத்தார்கள். வீட்டுக்காரர் தானாகவே எழுந்து தண்ணீர் பிடித்து வைத்தார். மன்னிப்பை அந்த வழியாகக் கேட்கிறார் என்று புரிந்தது. புரியாத மாதிரி இருந்துவிட்டாள். இன்னும் இரண்டு நாள் பிடிக்கட்டும்.

சாப்பிடுவதற்காக உறையைக் கழற்றக் கண்ணாடிக்காரம்மா வாஷ் பேசினுக்குப் போனாள். கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடியில் பல்லைப் பார்த்தாள். நாணயம் நுழைந்த இடத்தில் இப்போது நூல்தான் நுழையும். இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் போய்விடும்.

என்ன தோன்றியதோ, நாக்கை அங்கே வைத்து மெள்ள ஊதினாள். காற்று வந்தது. நாக்கைக் கொஞ்சம் மடித்து மறுபடி ஊதினாள்.

மெல்லியதாக, கீச்சென்று, ஒரு விசில்.

அவளே திடுக்கிட்டுவிட்டாள். இத்தனை வருடம் கையை வைத்து மூடியிருந்த இடத்தில் இப்படி ஒன்று இருந்திருக்கிறது. சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கை பாதி வழி வரை எழுந்தது. அதைக் குழாயின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து வாய் திறந்து சிரித்தாள். சாப்பிட்டு முடித்ததும் உறையை மாட்டத்தான் போகிறாள். அதில் மாற்றமில்லை. ஆனால் மூடும்வரை இது அவளுடையது, இன்னும் ஒரு தடவை அடிப்பாள்.

அடித்தாள்.

சாப்பாட்டு மேஜையிலிருந்து பதில் வந்தது. வீடே அதிர, தெருமுனை வரை கேட்கும்படி, மகளுடைய முழு விசில்.

அது அடங்குவதற்குள் வாசலில் மோட்டாரின் பைக் வந்து நின்றது. இன்ஜின் அணைந்தது. ஹாரன் அடிக்கவில்லை, கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரவும் இல்லை. வீட்டுக்காரர் பாதி எழுந்து மகளைப் பார்த்தார்.

மகள் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உக்காருங்கப்பா. கேட் தொறந்துதான் இருக்கு. வர்றவன் வரட்டும்."